ரோமன் பக்கம்

ரோமன் என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்கு ஒரு பேரரசு ஞாபகம் வருமாம். குதிரை, ஈட்டி, தோளில் சிவப்புத் துணி. கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு ஆடம்பரம் கிடையாது. "அவங்க ரோமன்" என்று எங்கள் ஆட்கள் சொல்வது, "அவங்களுக்குச் சீனி வியாதி" என்று சொல்வதைப் போலத்தான். குரல் கொஞ்சம் இறங்கும், தலை ஒரு பக்கம் சாயும், பார்த்து நடந்துகொள் என்ற எச்சரிக்கையும் அதில் இருக்கும். கத்தோலிக்கர் என்ற முழுப் பெயர் கல்யாணப் பத்திரிகையில் மட்டும் வரும். வாய்க்கு ரோமன் போதும்.

ரோமன் அல்லாத கிறிஸ்தவர்கள் நாங்கள். துரைமார் காலத்தில் எங்கள் சபைக்கு வைத்த நீளமான பெயர் ஒன்று உண்டு. அதை எந்த ரோமன் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. அவர்களுக்கு நாங்கள் 'மத்தவங்க'. இரண்டு தரப்பும் கும்பிடுவது ஒரே சாமியைத்தான். அதனால்தான் ஒத்துப்போக முடியவில்லை என்று நினைக்கிறேன். வேறு வேறு சாமியாக இருந்திருந்தால் ஒருவர் திருவிழாவுக்கு ஒருவர் தண்ணீர்ப்பந்தல் வைத்துச் சமாதானமாக இருந்திருப்போம்.

ரோமன் என்ற சொல் இந்த மலையில் வேறு வேலைகளும் பார்க்கிறது. தானா ராத்தாவில் நான் மேற்பார்வை பார்க்கும் விருந்தினர் விடுதியின் வாசலில் நான்கு ரோமன் தூண்கள் நிற்கின்றன. முதலாளி லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் முட்டைக்கோஸ் பயிரிட்டுப் பெரிய ஆளான சீனத் தவுக்கே. பணம் வந்தால் தூண் வரவேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் மூடுபனிக்கு வரலாற்றின் மேல் மரியாதை கிடையாது. மாதம் தவறாமல் தூண்களில் பச்சைப் பாசி ஏறும், நானும் மாதம் தவறாமல் ஆள் வைத்துத் தேய்ப்பேன். உள்ளே ஜன்னல்களுக்கு ரோமன் திரை. கயிற்றை இழுத்தால் மடிப்பு மடிப்பாக மேலே போகவேண்டும். ஈரத்தில் பாதி வழியில் நின்றுவிடும். கோலாலம்பூரிலிருந்து வரும் பெண்கள் பாதி திறந்த ஜன்னல் வழியாகப் பாதி மலையைப் பார்த்துவிட்டு, முழங்கால்வரை வார் கட்டிய ரோமன் செருப்போடு தேயிலைச் சரிவில் இறங்கி வழுக்கி விழுந்து, சேறோடு திரும்பி வருவார்கள்.

எழுத்திலும் ரோமன்தான். இந்த நாட்டில் மலாய்மொழியை ரோமன் எழுத்தில்தான் எழுதுகிறோம், அதற்கு ரூமி என்று பெயர். அதில் பழகிய கை தமிழையும் அதிலேயே எழுதுகிறது. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் மகள் அனுப்பும் செய்திகளை நான் மூன்று தரம் வாய்விட்டுப் படித்தால்தான் அவை தமிழ் என்பதே தெரியவரும்.

அப்பாவுக்கும் ரோமன் தெரியும், அவர் சொல்கிற கணக்கில். தேயிலை பேக்டரியில் இலை காயவைக்கும் இயந்திரத்தோடு காலத்தைக் கழித்தவர். அங்கே சுவரில் துரை காலத்துக் கடிகாரம் ஒன்று, ரோமன் எண்களோடு. ஆங்கில எழுத்து ஒன்றுகூடத் தெரியாத அப்பா அதைப் பார்த்து மணி சொல்வார். பன்னிரண்டோடு முடிந்துவிடுகிற புலமைதான், ஆனாலும் அதற்குரிய கர்வம் குறையாமல் இருந்தது.

இத்தனை ரோமனுக்கும் நடுவில் எழுபதைத் தாண்டிய அந்த மனிதர், போன வருஷம் ஒரு நாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, தான் ரோமனாகப் போவதாக அறிவித்தார்.

என் அம்மா ரோமன். தேயிலைக் கொழுந்து பறிக்கிற இடத்தில் பார்த்து, பிடித்து, இரண்டு பக்கத்துச் சொந்தத்தையும் அழவைத்துவிட்டு நடந்த கல்யாணம். யார் யார் பக்கம் மாறுவது என்று பேசிப் பேசி ஓய்ந்து, கடைசியில் யாரும் மாறவில்லை. பிள்ளையாவது ரோமனாக வளரவேண்டும் என்று அம்மா வீட்டார் கேட்டார்களாம். ஒரே மகளான நான் அப்பா பக்கம் சாய்ந்தேன். அதற்குக் காரணம் கொள்கை இல்லை. எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் மைலோவும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். ரோமன் பக்கத்தில் முட்டிபோடச் சொன்னார்கள்.

ஞாயிறு காலையில் தோட்டத்து லோரி எங்களைத் தானா ராத்தாவுக்குக் கொண்டுவந்து இறக்கும். முச்சந்தியில் அம்மா ஒரு பக்கம் ஏறிப் போவார், அப்பாவும் நானும் மறுபக்கம் இறங்கிப் போவோம். வழிபாடு முடிந்து மூன்று பேரும் ரொட்டிச் சானாய்க் கடையில் சந்திப்போம். லோரி போய் மோட்டார் சைக்கிள் வந்து, மோட்டார் சைக்கிள் போய் என் கார் வந்த பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை.

ரோமன் பூசை சுருக்கமாக முடிந்துவிடும். எங்கள் பாஸ்டர்மார் அப்படியில்லை. "கடைசியாக ஒன்று" என்று சொன்ன பிறகு இன்னும் மூன்று கடைசி வரும். ஆகவே எப்போதும் அம்மாதான் முதலில் கடைக்குப் போவார். சுவரோரத்து மேசையில் உட்கார்ந்து, எதிர் நாற்காலியில் தன் குடையை வைத்து இடம் பிடித்திருப்பார். சுற்றுலாக்காரர்கள் நிறைந்துவிட்ட இந்த ஊரில் ஞாயிறு காலை ஒரு நாற்காலியைக் காப்பது சின்ன வேலை இல்லை. யார் வந்து கேட்டாலும் "ஆள் வருது" என்பார். அப்பா வந்ததும் குடையை எடுத்துத் தன் நாற்காலியின் முதுகில் மாட்டிக்கொள்வார். அன்றைய பூசையை உங்கள் சாமியார் எந்தப் பேருந்தைப் பிடிக்க அவசரமாக முடித்தார் என்று அப்பா கேட்பார். உங்கள் பாஸ்டர் மூச்சு விட்டாரா, இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறாரா என்று அம்மா கேட்பார். நாற்பது வருஷத்துக்கு மேல் இதே இரண்டு கேள்வி. இரண்டு பேரும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அம்மா போய்ச் சேர்ந்தது போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில். ரோமன் பக்கத்தில் அடக்கம் செய்தோம். ரோமன் பக்கம் என்றால் எங்கள் கல்லறைத் தோட்டத்தின் மேல்பாதி. தோட்ட நிர்வாகம் எந்தக் காலத்திலோ கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு சரிவை ஒதுக்கிக் கொடுத்தது. செத்த பிறகாவது சேர்ந்து கிடக்கட்டும் என்று அப்போதைய வெள்ளைக்காரத் துரை நினைத்திருப்பார் பாவம். எங்கள் பெரியவர்கள் நடுவில் ஒரு வரிசை தேயிலைச் செடியை நட்டு, மேலே ரோமன், கீழே மத்தவங்க என்று பிரித்துவிட்டார்கள். அந்த வரிசையைக் கவ்வாத்து வெட்டவோ கொழுந்து எடுக்கவோ ஆள் இல்லாததால் செடியெல்லாம் வளர்ந்து மரமாகி நிற்கிறது. கேமரன் மலையிலேயே லாபம் பார்க்காத ஒரே தேயிலை அதுதான்.

அந்த மேல்பாதிக்கு அதிகாரி ஓர் ஓய்வுபெற்ற கிராணி. தோட்ட ஆபீஸில் கணக்கப்பிள்ளையாக இருந்து, காலையில் பெரட்டுக்கு ஆட்களை வரிசையாக நிறுத்தி எண்ணிப் பழகியவர். இப்போது எண்ண ஆள் இல்லாததால் செத்தவர்களை எண்ணுகிறார். கல்லறைக் கமிட்டித் தலைவரும் அவர்தான், ரோமனாக மாற வருகிறவர்களுக்குச் சனிக்கிழமை வகுப்பு எடுப்பவரும் அவர்தான். சபைக்குள் வருவதற்கும் மண்ணுக்குள் போவதற்கும் ஒரே வாசல்.

அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றியபோது அப்பா சுற்றிப் பார்த்தார். அம்மாவுக்கு வலது பக்கம் யாரோ ஏற்கெனவே படுத்திருந்தார்கள். இடது பக்கம் ஓர் ஆளுக்கு இடம் மிச்சம். அதற்கப்பால் சரிவு, தோண்டினால் மண் நிற்காது. அந்த இடம் தனக்குக் கிடைக்குமா என்று அப்பா கிராணியிடம் கேட்டார். ஒரு மனிதரிடம் அப்பா தணிந்து கேட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"ரோமன் பக்கம் ரோமனுக்குத்தான் லா," என்றார் கிராணி. "எங்க அப்பா காலத்துலருந்து அப்படித்தான். ஒங்களுக்கு மட்டும் மாத்த முடியுமா? கீழ எவ்ளோ எடம் கெடக்கு."

இடத்தைப் பிடித்துவைக்கவும் முடியாது, அடுத்து சாகிற ரோமன் யாரோ அவருக்குத்தான் என்றும் சொன்னார். ஹோட்டல் அறை ஒதுக்குகிற என்னைவிடக் கறாராகப் பேசினார். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த அறிவிப்பு.

எனக்குக் கோபம் வந்தது. ஆயுள் முழுக்க ரோமன் பூசையைக் கேலி செய்த மனிதர், ஆறடி மண்ணுக்காகப் போய்ப் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்காரவேண்டுமா என்று சண்டை போட்டேன். உள்ளுக்குள் வேறு ஒன்றும் இருந்தது. எங்கள் கோயிலில் அப்பாவும் நானும் உட்காரும் பெஞ்சில் இனி நான் தனியாக உட்காரவேண்டும். அம்மாவும் போய், அப்பாவும் அம்மா பக்கம் போய்விட்டால் மத்தவங்க என்பது நான் ஒருத்திதான். அது எனக்கு வலித்தது. எங்கள் பாஸ்டருக்கும் வலித்திருக்கவேண்டும். அடுத்த ஞாயிறே வழிவிலகிப் போகிறவர்களைப் பற்றிப் பேசினார், வழக்கத்தைவிட இரண்டு கடைசி அதிகமாக.

சனிக்கிழமை வகுப்புக்கு நான்தான் காரில் கொண்டுபோய் விடுவேன். தலைக்கு ஜெல் தடவிய நான்கைந்து இளவட்டங்கள் அங்கே இருந்தார்கள். எல்லோரும் ரோமன் பெண்ணைக் காதலித்துவிட்டு, கல்யாணம் நடக்கவேண்டுமே என்று ஞானம் தேடி வந்தவர்கள். ஒரு பெண்ணுக்காக வராத ஆள் அந்த அறையில் ஒருவருமில்லை, அப்பாவையும் சேர்த்து.

இளவட்டங்களுக்குத் தமிழ் படிக்க வராது. ஆகவே பாடமெல்லாம் ரோமன் எழுத்தில் அடித்த தமிழ். அப்பாவுக்குத் தமிழ் எழுத்து மட்டுமே வரும். ரோமன் பாடத்தை ரோமன் எழுத்தில் வாங்கிக்கொண்டு வந்து சமையல்கட்டில் என்னிடம் நீட்டுவார். ரோமன் அல்லாத நான், அடுப்பில் குழம்பு கொதிக்க, மாதாவின் மகிமைகளை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டுவேன். எங்கள் பாஸ்டர் அந்த நேரத்தில் வந்து பார்த்திருந்தால் அங்கேயே கடைசியாக ஒன்று சொல்லியிருப்பார்.

பூசையில் வேறொரு தொல்லை. ஆண்டவர் கற்றுக்கொடுத்த செபம் இரண்டு பக்கத்துக்கும் பொதுதான், ஆனால் சொற்கள் வேறு. அவர்கள் தந்தை என்கிற இடத்தில் அப்பா பிதா என்பார். அதுகூடப் பரவாயில்லை. ரோமன் ஆட்கள் அதைச் சீக்கிரம் நிறுத்திவிடுவார்கள், எங்கள் ஆட்கள் இன்னும் ஒரு வரி சேர்த்துச் சொல்லி ஆமென் போடுவோம். கோயில் முழுக்க அடங்கிய பிறகு அப்பாவின் குரல் மட்டும் தனியாக அந்த ஒரு வரியைச் சொல்லிக்கொண்டு போகுமாம். வாரா வாரம் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். கிராணி இதை என்னிடம் ஒரு புகாராகவே சொன்னார். பழக்கத்தில் வந்துவிடுகிறது, வாய் நிற்கமாட்டேன் என்கிறது என்றார் அப்பா.

இதற்கிடையில் ரிங்லெட்டில் ஒரு ரோமன் பெரியவர் விழுந்து, தானா ராத்தா ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அவரை எங்களுக்குப் பழக்கமே இல்லை, ஆனால் போனால் அடக்கம் எங்கள் மேல்பாதியில்தான். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவருடைய உடல்நிலையை அவருடைய மருமகள்கூட அவ்வளவு அக்கறையாக விசாரித்திருக்கமாட்டாள். மைலோவும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போய் நலம் கேட்டார், கட்டிலின் பக்கத்தில் நின்று இரண்டு சபை முறையிலும் ஜெபித்தார். ஒரு மனிதர் பிழைக்கவேண்டும் என்று அப்பா அவ்வளவு உருக்கமாக வேண்டி நான் பார்த்ததில்லை. பெரியவர் பிழைத்து எழுந்து, முன்னைவிடப் பூரித்துப்போய் வீடு திரும்பினார். இப்படி ஓர் அன்பான மனிதர் மத்தவங்களில் இருந்தாரா என்று கேட்டுக் கண்கலங்கினாராம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவை ரோமன் கோயில் வாசலில் இறக்கிவிட்டு நான் என் கோயிலுக்குப் போவேன். முடிந்து கடைக்கு வந்தால் அப்பா எனக்கு முன்பே வந்து, சுவரோரத்து மேசையில் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். முன்னால் காலித் தேத்தண்ணி கிளாஸ் இருக்கும். ரோமன் பூசையில் அதுதான் சௌகரியம், நேரத்தோடு வயிற்றைப் பார்க்கலாம் என்று குத்திக்காட்டுவேன். முன்பெல்லாம் அப்பா திருப்பிக் கொடுப்பார். இந்த ஒரு வருஷமாக ஒன்றும் சொல்லவில்லை. பசி மயக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

வகுப்பு முடிந்து, ஈஸ்டருக்கு முன்னால் ஒவ்வொருவரையும் பங்குச் சாமியார் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். சாமியார் ஊருக்குப் புதிது, என்னைவிட வயதில் சின்னவர். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் நானும் உள்ளே போனேன். கிராணி தன் மாணவனின் தேர்ச்சியைப் பார்க்க ஓரமாக உட்கார்ந்திருந்தார். இந்த வயதில் எதற்காகக் கத்தோலிக்கத் திருச்சபைக்கு வர விரும்புகிறீர்கள் என்று சாமியார் கேட்டார். விசுவாசம், மீட்பு என்று பதில் சொல்லக் கிராணி எல்லோருக்கும் கற்றுக்கொடுத்திருந்தார். நானே அதைப் பத்துத் தடவையாவது வாசித்துக் காட்டியிருப்பேன்.

"எங்க வீட்டுக்காரம்மா அங்க படுத்திருக்காங்க ஃபாதர்," என்றார் அப்பா. "பக்கத்துல ஒரு எடம் இருக்கு. ரோமனா இருந்தாத்தான் குடுப்பாங்களாம்."

கிராணி மேற்கூரையைப் பார்த்தார். அப்படி யார் சொன்னது என்று சாமியார் மெதுவாகக் கேட்டார். புருஷன் பெண்சாதியை ஒன்றாக அடக்கம் செய்யத் திருச்சபை தடை சொல்லவில்லை, புருஷன் எந்தச் சபையாக இருந்தாலும் சரி, தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே போதும் என்றார். அந்த இடத்தை இவருக்கென்று வைத்துவிடுங்கள் என்று கிராணியிடமும் சொன்னார்.

இது தன் அப்பா காலத்து வழக்கம் என்றார் கிராணி. அந்த வழக்கத்தை நம்பி எத்தனை பேரைத் தேயிலை வரிசைக்கு மேலும் கீழுமாகப் பிரித்துப் புதைத்திருப்பார்கள் என்று நான் யோசித்தேன். அதைப் பற்றி எந்தச் சாமியாரிடமும் யாரும் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. ரோமன் ஆட்கள் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. விதி என்று யாராவது உரக்கச் சொல்லிவிட்டால் எங்கள் ஆட்களுக்குப் போதும். பெரட்டில் நின்ற கால் அல்லவா.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு வருஷம் என் சமையல்கட்டில் கரைந்துபோன மாதா மகிமைகளை நினைத்தேன். வாருங்கள் அப்பா, வேலை முடிந்தது, அடுத்த ஞாயிறு நம் கோயிலுக்கே போகலாம் என்று எழுந்தேன். அப்பா எழுந்திருக்கவில்லை.

"எடத்துக்காகத்தான் வந்தேன் ஃபாதர், பொய் சொல்லல," என்றார். "ஆனா இந்த ஒரு வருசமா பூச முடிஞ்சி நேரத்தோட போயி கடையில ஒக்காந்தேன். அப்பத்தான் தெரிஞ்சிச்சி. அவ தனியா எவ்ளோ நேரம் ஒக்காந்திருந்திருக்கான்னு. வாரா வாரம். நான் ஒரு நாளு சீக்கிரமா வந்ததில்ல. சிரிச்சிக்கிட்டே வருவேன்."

சாமியார் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார்.

"நான் ரோமனாவே இருந்துக்கிறேன் ஃபாதர். இனிமே நான் ஒக்காந்திருக்கேன்."

என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. வாசலுக்கு வந்த பிறகும் கார்ச் சாவியைக் கைப்பையில் வெகுநேரம் தேடினேன். அது கையில்தான் இருந்தது.

ஈஸ்டருக்கு அப்பாவை ரோமனாக ஏற்றுக்கொண்டார்கள். செபத்தில் அந்த ஒரு வரியை அன்றும் அவர் தனியாகச் சொல்லி முடித்தார். கிராணி திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு கிளம்பும்போது அப்பா கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த அம்மாவின் குடையை எடுத்துக்கொண்டார். கம்பி ஒன்று வளைந்த பழைய நீலக் குடை, அம்மா போனதிலிருந்து யாரும் தொடாதது. வெயில் அடிக்கிறதே, ரோமனானதும் கண்ணும் தெரியவில்லையா என்று கேட்டேன். மலையில் மழை எப்போது வரும் என்று யார் கண்டார்கள் என்றார்.

அன்று எங்கள் பாஸ்டருக்கு நான்கு கடைசி. நான் வரும்போது கடையில் உட்கார இடமில்லை. பள்ளி விடுமுறைக் கூட்டம். அப்பா சுவரோரத்து மேசையில் இருந்தார். எதிர் நாற்காலியில் குடை இருந்தது. ஒரு சுற்றுலாக்காரர் அந்த நாற்காலியின் மேல் கையை வைத்து, எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆள் வருது," என்றார் அப்பா.

எனக்காக என்றுதான் நினைத்தேன். கிட்டே போய்க் குடையை எடுக்கக் குனிந்தேன். அப்பா என்னைப் பார்க்காமலே கையை நீட்டி அதன் மேல் வைத்துக்கொண்டார்.

நான் நிமிர்ந்து, கூட்டத்துக்குள் தேடி, வேறொரு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்தேன்.